சோயா எண்டு சொன்னோம்

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறோம். மற்ற நாட்களில் நாங்கள் சாப்பிடுவதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சோறும் பருப்பும், ஏலாவிட்டால் கடைப் பார்சல், அதுக்கும் காசில்லாவிட்டால் நூடில்ஸ். புதன் மட்டும் சாண்ட்விச். கொத்தின மாட்டிறைச்சி, வெங்காயம், சீஸ், பாண். வேலையால் வந்து உடுப்பு மாத்தி இருபது நிமிசத்தில் சாப்பிட உட்காரலாம். பிறகு கழுவுவதற்கு ஒரு தாச்சி, ஒரு பலகை, ஒரு கத்தி, அவ்வளவுதான்.

அந்தத் தாச்சியால்தான் பிரச்சினை வந்தது. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

நாங்கள் மூன்று பேர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸில் ஐந்தாவது வருசமாக இருக்கிறோம். ஒருத்தரை ஒருத்தர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிடுவோம்: அக்கரைப்பற்று, மன்னார், கோண்டாவில். வீட்டுக்கு வருகிற சிநேகிதர்கள் இது என்ன பஸ் போர்ட்டா என்று பகிடி பண்ணுவார்கள். இந்தக் கட்டுரைக்கும் அதுவே வசதி. எழுதி முடித்ததும் கோண்டாவில் வாசித்துப் பார்த்து இரண்டு இடத்தை வெட்டச் சொன்னாள். ஒன்றை வெட்டினோம். மற்றதை வெட்டினால் இதை எழுதத் தேவையே இல்லை என்று சொல்லி வைத்துக்கொண்டோம்.

ஏன் புதன் என்றால், செவ்வாயும் வெள்ளியும் கோண்டாவில் மச்சம் சாப்பிடமாட்டாள். மாடு சாப்பிடுகிறவளுக்கு வெள்ளிக்கிழமை என்ன வந்தது என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்பாள். என்ன வேறு என்று இதுவரை விளக்கியதில்லை. தவக்காலம் வந்தால் மன்னாருக்கும் வெள்ளி இல்லை. திங்கள் அக்கரைப்பற்று நோன்பு பிடிக்கிற நாள், களைத்துப்போய் வந்து ஈத்தம்பழமும் கஞ்சியும் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். வியாழன் மன்னாருக்கு லேட் ஷிப்ட். மூன்று சமயமும் ஒரு ஒபிஸும் விட்டுவைத்த நாள் புதன்.

தொடங்கினது 2022இல். அந்த வருசம் ஜூலை 9 சனிக்கிழமை கொழும்பில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் ஞாயிறு ஹஜ்ஜுப் பெருநாள் என்பது எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பெற்றோல் இல்லாத காலம். அக்கரைப்பற்றுக்குப் போக வழி இல்லை. அவள் ஃபோனில் உம்மாவோடு கதைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பின்னேரம் தெஹிவளையில் இருக்கிற அவளின் மாமா சைக்கிளில் வந்து ஒரு பையை வாசலில் தந்துவிட்டுப் போனார். குர்பானி இறைச்சி, இரண்டு கிலோ இருக்கும்.

அந்த நேரத்தில் இரண்டு கிலோ இறைச்சி என்பது சந்தோசமான தலையிடி. கரண்ட் வெட்டுகிறார்கள், ஃபிரிட்ஜை நம்ப ஏலாது. காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் காற்று மாதிரி வருகிறது, அடுத்தது எப்ப கிடைக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. மாட்டிறைச்சிக் கறி என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அடுப்பில் கிடக்க வேணும். எங்களிடம் பிரஷர் குக்கரும் இல்லை. அப்போதுதான் மன்னார் சொன்னாள், "சின்னனா வெட்ட வெட்ட காஸ் மிச்சம்." நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். ஆளுக்கு இருபது நிமிசம் என்று முறை வைத்து, ஒரே கத்தியால் ஒரு கிலோவைக் கொத்தினோம். பலகையில் கத்தி விழுகிற சத்தத்துக்குக் கீழ்வீட்டு அன்ரி மேலே வந்து, கொத்துக்கடை போட்டுட்டியளோ என்று கேட்டுவிட்டுப் போனா.

வீட்டில் முதல்நாள் வாங்கின பாண் இருந்தது. சீஸ், அக்கரைப்பற்றின் வாப்பா கட்டாரில் இருந்து வரும்போது கொண்டுவந்த நீல ரின். நல்ல நாளுக்கு என்று ஒரு வருசமாக உடைக்காமல் வைத்திருந்தாள். இதைவிட நல்ல நாள் வராது என்று அவளே ரின்வெட்டியை எடுத்தாள்.

கோண்டாவில் வாழ்க்கையில் முதல்தரம் மாடு சாப்பிட்டது அன்றைக்குத்தான். பசிதான் காரணம் என்று இப்பவும் சொல்லுவாள். நாங்கள் நம்புவதில்லை. அன்று பருப்பும் இருந்தது.

செய்முறையைச் சொல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் கோபிப்பீர்கள். எங்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேணும்.

மூன்று பேருக்கு 300 கிராம் போதும். அரைத்து வைத்த இறைச்சியை வாங்குவதில்லை. முழுத் துண்டாக வாங்குவோம். இதற்குக் காரணம் அக்கரைப்பற்றின் உம்மா. இறைச்சியைக் கழுவாமல் சமைத்தால் அவவுக்கு அது சமையலே இல்லை. அரைத்த இறைச்சியைக் கழுவினால் அது தண்ணீரைக் குடித்துவிடும், தாச்சியில் போட்டதும் வதங்காமல் அவியும். சாம்பல் நிறத்தில் ஒரு கஞ்சி வரும். அந்தக் கஞ்சியை மூன்று புதன்கிழமை சாப்பிட்ட பிறகுதான் புத்தி வந்தது. இப்போது துண்டைக் கழுவி, துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்து, பிறகு கொத்துவோம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இறைச்சியின் வெளிப்பக்கத்தில் இருக்கிற கிருமி அரைக்கும்போது உள்ளே எல்லாம் கலந்துவிடும், அதனால் அரைத்தது துண்டைவிட வேகமாகப் பழுதாகும். எங்கள் ஃபிரிட்ஜின் லட்சணத்துக்கு, கொத்தினதை அன்றைக்கே சமைப்பதுதான் நல்லது.

தாச்சியைப் புகை வருமளவுக்குச் சூடாக்க வேணும். எங்களுக்குக் கிடைக்கிற மாட்டிறைச்சியில் கொழுப்புக் குறைவு, அதனால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு இறைச்சியைப் பரப்பிவிட்டு, கையை எடுத்துவிட வேணும். இரண்டு நிமிசம் கிளறக் கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி. நாங்கள் எல்லாரும் கறி கிளறி வளர்ந்த பிள்ளைகள், அகப்பையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. ஆனால் ஈரம் போய், அடிப்பக்கம் மண்ணிறமாகப் பிடித்தால்தான் அந்த வாசம் வரும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது, இறைச்சி சிவக்க அதைவிட நல்லாக் கூடச் சூடு வேணும். பிறகு புரட்டி, குறுணியாக வெட்டின வெங்காயம், இரண்டு பல் உள்ளி, பச்சை மிளகாய், கனக்க மிளகு. உப்பு கடைசியில், கொஞ்சம்தான், ஏனென்றால் சோயா சோஸும் சீஸும் உப்பைக் கொண்டுவருகின்றன. கோண்டாவில் இதற்குள் யாழ்ப்பாணத்துத் தூள் அரைக் கரண்டி போடுவாள். மன்னார் அதை வெறுக்கிறாள். "பிறகு அது கறிப் பாண்தானே!" என்பாள். தூள் போடுகிற நாளும் போடாத நாளும் மாறிமாறி வரும்.

சீஸ் விசயத்தில் மட்டும் மூன்று பேரும் ஒரு கட்சி. விலை கூடின சீஸ் இதற்கு வேண்டாம். நாங்கள் ஒருதரம் சம்பள நாளில் நல்ல செடார் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். எண்ணெய் ஒரு பக்கம், றப்பர் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. முக்கோணத் துண்டாக வெள்ளித்தாளில் சுற்றி வருகிற மலிவுச் சீஸ்தான் சரி. அதில் கொழுப்பும் புரதமும் பிரியாமல் பிடித்து வைக்கிற உப்புகளைச் சேர்த்துத்தான் செய்கிறார்கள், அதனால் சூட்டில் சோஸ் மாதிரி இளகும். நான்கு துண்டைக் கிள்ளிப் போட்டு, அடுப்பை அணைத்து, மூடிவிட்டால் சரி.

பாண், தடிப்பாக வெட்டின றாத்தல் பாண். ஏழு மணிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் சூன் பாண் ஓட்டோ வரும். பீத்தோவனின் ஃபியூர் எலிஸ் மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிற அதே ஓட்டோ. ரயிலுக்குள் நசிந்து, வெள்ளவத்தை ஸ்டேசனில் இறங்கி, காலி வீதியைக் கடந்து வருகிறபோது அந்த மெட்டுக் கேட்டால் மூன்று பேரில் யார் கிட்டவோ அவள் ஓடுவாள். ஓட்டோ போய்விட்டால் பேக்கரிக்கு நடக்க வேணும், அந்த நடை இருபது நிமிசக் கணக்கைக் கெடுத்துவிடும். இறைச்சியை இறக்கினதும் அதே தாச்சியில், அதே எண்ணெயில், பாணை இரண்டு பக்கமும் வாட்டி எடுத்து நடுவில் கொட்டிச் சாப்பிடுவோம். தட்டு எடுக்கிற பழக்கம் இல்லை. வெட்டின பலகையையே நடுவில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருப்போம்.

பிறகு ஒருநாள் மன்னார் ஒரு வீடியோவைக் காட்டினாள். நியூயோர்க்கில் ஹார்லெம் பக்கத்துச் சின்னக் கடைகளில், அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு இரும்புத் தட்டில் போட்டு, இரண்டு தட்டகப்பையால் கொத்திக் கொத்தி, மேலே சீஸ் போட்டு நீளப் பாணுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். பேரே 'கொத்தின சீஸ்' என்றுதான். அந்தக் கடைகளில் கனக்க யேமன் நாட்டு ஆட்கள் நடத்துகிறவை. இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கான சாப்பாடு. கொத்துகிற தாளத்தைக் கேட்டால் காலி வீதியில் நிற்கிற மாதிரி இருந்தது. அக்கரைப்பற்று சொன்னாள், "பாருங்கடி, அங்கயும் முஸ்லிம்தான் கொத்துறான், களைச்சவன்தான் திங்கிறான்."

இனித் தாச்சி.

அது புறக்கோட்டையில் வாங்கினது. வார்ப்பிரும்பு, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு நோகும். குசினிக்குள் வந்த முதல் வாரமே அதற்கு ஒரு சட்டம் போட்டோம்: இதில் பன்றி ஏறக்கூடாது. சட்டம் போட்டது மன்னார்தான். மன்னார் வீட்டில் பன்றியும் சமைப்பார்கள், மாடும் சமைப்பார்கள். அவளுக்கு அதில் ஒரு கதையும் இல்லை. ஆனால் அக்கரைப்பற்று கேட்கிறதுக்கு முன்னமே, "எனக்குப் பன்றி வேணுமெண்டா நான் கடையில சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டாள். ஒரு நிமிசத்தில் முடிந்த விசயம். இன்றுவரை அந்தச் சட்டம் மீறப்படவில்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வேறு ஆட்களுக்குச் சொல்லியும் இருக்கிறோம், பாருங்கோ நாங்கள் எப்பிடி இருக்கிறம் என்று.

மற்றப் பக்கத்துக்கும் ஒரு சட்டம் வேணும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாச்சியில் சாப்பிடுகிற ஆட்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தானே!

2023இல் ஒரு புதன்கிழமை. இறைச்சி தாச்சியில் கிடக்கிறது, கோண்டாவிலின் கையில் அகப்பை, ஃபோன் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. அம்மா வீடியோ கோல் எடுத்தா. அவள் யோசிக்காமல் பச்சையை அமத்திவிட்டாள். அம்மா வழக்கம்போல முதலில் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்தா.

"என்ன பிள்ளை பொரிக்கிறாய்? சோயாவே?"

கொத்தின மாட்டிறைச்சியையும் சோயா மீற்றையும் ஃபோன் திரையில் பிரித்துப் பார்க்க ஏலாது. நிறமும் ஒன்று, குறுணியும் ஒன்று. இதை நாங்கள் அதுவரை கவனித்ததில்லை.

"ஓம் அம்மா, சோயா" என்றாள் கோண்டாவில்.

"நல்லாத் தண்ணியில ஊறவிட்டுப் பிழிஞ்சனியே? இல்லையெண்டாப் பச்சை மணம் போகாது."

"ஓம் அம்மா."

மற்ற இரண்டு பேரும் கமராவுக்கு வெளியே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அழைப்பு முடிந்ததும் வயிறு நோகச் சிரித்தோம். அன்றைக்கிருந்து எங்கள் வீட்டில் மாட்டிறைச்சிக்குப் பேர் சோயா. "இண்டைக்குச் சோயா வாங்கவா?" "சோயா முடிஞ்சுது, கோழிதான் இருக்காம்." போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு என்பதால், புதனில் போயா வந்தால் "முதல்நாளே சோயா எடுத்து வை" என்று வட்ஸ்அப்பில் போடுவோம்.

இரண்டு வாரம் கழித்து யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. விடிய ஐந்து மணிக்குக் காலி வீதியில் நின்று எடுத்து வந்தோம். ஒடியல் மா, மிளகாய்த்தூள், முருங்கைக்காய், பழைய பேப்பரில் சுற்றின 12 பைக்கற் சோயா மீற். கடையில் கொழும்பிலேயே வாங்கலாம்தான். ஆனால் மகளுக்குப் பிடித்திருக்கிறது, புதன்கிழமை புதன்கிழமை செய்கிறாள், மூன்று பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அம்மா நினைத்து வாங்கிக் கட்டி அனுப்பியிருக்கிறா. அதற்குப் பிறகு அந்தப் பகிடி முந்தி மாதிரி வரவில்லை. பைக்கற்றுகளை மேல்தட்டில் அடுக்கி வைத்தோம். ஒன்றிரண்டைச் சமைத்தும் பார்த்தோம். குற்றவுணர்ச்சிக்குச் சமைத்தால் சோயாவும் ருசிக்காது.

போன கந்தசஷ்டிக்கு அம்மா கொழும்புக்கு வந்தா. கண் காட்ட வேண்டியிருந்தது, கிளினிக் திகதி விரதத்துக்குள் விழுந்துவிட்டது. ஆறு நாளும் ஒருபொழுது இருக்கிறவ. தன் கையால் சமைத்து மத்தியானம் ஒருதரம் சாப்பிடுவா, மிச்ச நேரம் தண்ணீர்.

அம்மா வருகிறா என்று தெரிந்த அன்றே மன்னார் சொன்னாள், புதுத் தாச்சி ஒன்று வாங்குவோம். சனிக்கிழமை போகலாம் என்றோம். அம்மா வெள்ளிக்கிழமை விடியவே வந்து இறங்கிவிட்டா. முதல்நாள் இரவு தேசிக்காயும் உப்பும் போட்டு, பொச்சால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூன்றுதரம் கழுவினோம். இரும்புத் தாச்சியைப் பாவிக்கிறவர்களுக்குத் தெரியும், அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. எண்ணெயும் கொழுப்பும் சூட்டில் படிந்து படிந்து இரும்போடு ஒட்டிப்போகிற தோல் அது. அதால்தான் முட்டை ஒட்டாமல் வரும். எங்கள் தாச்சியின் தோல் இரண்டு வருசப் புதன்கிழமைகள். அது போகவில்லை. தாச்சியை அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தோம்.

அம்மா குளித்துவிட்டுக் குசினிக்குள் போனா. கத்தரிக்காய் வதக்க வேணும். சோற்றுப் பானையும் தேத்தண்ணிக் கேத்திலும்தான் வெளியே இருந்தன. ஒரு குசினியில் எது எங்கே ஒளித்திருக்கும் என்று அவவுக்கா தெரியாது? கோண்டாவில் குளியலறைக்குள் நின்றாள். அலுமாரிக்குப் பின்னால் இருந்து தாச்சியை அம்மா இழுத்து எடுத்தபோது குசினி வாசலில் நின்றது மற்ற இரண்டு பேரும்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல நேரம் இருந்தது. தாச்சியைக் கழுவி, அடுப்பில் வைத்து, எண்ணெய் விடும்வரை நின்றோம். மன்னார் நினைத்தது, இது என்ர ரகசியம் இல்லையே, நான் எப்பிடிச் சொல்லுறது என்று. அக்கரைப்பற்று என்ன நினைத்தாள் என்று பிறகுதான் சொன்னாள். அதைக் கொஞ்சம் பொறுங்கோ.

அம்மா கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து, "நல்லாப் பழகின தாச்சி பிள்ளையள். ஒண்டும் ஒட்டேல்ல" என்றா. வாழையிலை இல்லை என்று தட்டில் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, சாப்பிட்டா. குளித்து வந்த கோண்டாவில் அடுப்பைப் பார்த்தாள், அம்மாவின் தட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா நான்கு நாள் நின்றா. நான்கு நாளும் அந்தத் தாச்சிதான்.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்த இரவு பெரிய சண்டை. கோண்டாவில் எங்களைக் கேட்டாள், "நீங்கள் ரெண்டு பேரும் அங்கதானே நிண்டனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! தாச்சியில ஓட்டை எண்டாவது சொல்லியிருக்கலாம்." மன்னார் அழுதுவிட்டாள். அக்கரைப்பற்று அழவில்லை.

"நான் என்னத்தச் சொல்ற? அதுல மாடு சமைக்கிற, தொடாதீங்க எண்டா? ஒவ்வொரு தரமும் மாட்டப் பத்தி நான்தான் சொல்லணுமா? மாடு எண்டா என்ட வாய்க்குள்ளாலதான் வரணுமா?"

அவளுடைய கணக்கு நீளமானது. இந்த அனெக்ஸ் கிடைக்க முந்தி நாங்கள் நான்கு வீடு பார்த்தோம். இரண்டு இடத்தில் எல்லாம் பேசி முடிந்து, கடைசியில் மூன்று பேரின் பேரையும் கேட்டபிறகு, "சைவச் சாப்பாடு ஆக்கள் எண்டாத்தான் எங்களுக்கு வசதி" என்றார்கள். மூன்று பேரில் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் விளங்கினது. 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராக ஆட்கள் கத்தினபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடை செய்ய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. வேண்டுமானவர்களுக்கு வெளிநாட்டில் இருந்து இறைச்சியை இறக்கித் தருவார்களாம். அன்று அவளுடைய ஒபிஸில் தமிழும் சிங்களமும் ஒன்றாகக் கைதட்டினதாம். மற்றதில் எல்லாம் அடிபடுகிற ஆட்கள், மாட்டில் ஒற்றுமை! "நீ சோயா எண்டு சொன்னப்ப நானும் சிரிச்சன்" என்றாள் கோண்டாவிலிடம். "ஆனா நான் பெருநாளைக்கு உனக்குத் தந்த சாப்பாடு அது. அத நீ உன்ட வீட்டில பேர் சொல்லி ஒருக்காலும் சொன்னதில்ல."

கோண்டாவிலிடம் இதற்குப் பதில் இல்லை. எங்கள் எவரிடமும் இல்லை. அம்மாவுக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கரைப்பற்றின் சாப்பாட்டைத் தீட்டு என்று ஒத்துக்கொண்ட மாதிரி. சொல்லாததால் ஒரு மனுசியின் விரதத்தை அவவுக்குத் தெரியாமல் முறித்தாகிவிட்டது. அம்மாவுக்கு எங்களுடைய சாப்பாடு பிடிக்காமல் போக உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத்தான் நாங்கள் எடுத்தோம். அக்கரைப்பற்றுக்காக ஒரு நிமிசத்தில் சட்டம் போட்ட ஆட்களுக்கு, யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு மனுசிக்காக இரண்டு வருசத்தில் அது தோன்றவில்லை. அவ எங்களோடு இருக்கவில்லை, கேட்கவும் இல்லை, அதுதான்.

நான்கு புதன்கிழமை சாண்ட்விச் செய்யவில்லை. ஒருத்தி நூடில்ஸ், ஒருத்தி கடைப் பார்சல், ஒருத்தி பிஸ்கற்.

ஐந்தாவது கிழமை கோண்டாவில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு, எங்களையும் இருக்கச் சொன்னாள். அம்மா வெங்காய விலையைச் சொல்லி முடித்த பிறகு, "அம்மா, அது சோயா இல்லை" என்றாள்.

"எது?"

"புதன்கிழமை நாங்கள் செய்யிறது. மாடு. அந்தத் தாச்சியிலதான் செய்யிறனாங்கள். உங்களுக்குச் சொல்லாம விட்டிட்டம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம். பிறகு அம்மா கேட்டது இதைத்தான்:

"அப்ப அந்தப் பன்ரெண்டு பைக்கற்றையும் என்ன செய்தனீ?"

"எட்டுக் கிடக்கு."

"பழுதாகப் போகுது. ஆருக்கும் குடு." அவ்வளவுதான். வைக்கிறன் என்று சொல்லாமல் வைத்துவிட்டா. அடுத்த மூன்று கிழமை கோண்டாவில் எடுத்தால் அப்பாதான் கதைத்தார். அம்மா கோயிலுக்குப் போயிட்டா, அம்மா கிணத்தடியில நிக்கிறா. கோண்டாவில் கூடவே எடுத்துப் பார்த்தாள். விடிய, மத்தியானம், இரவு. எப்பவும் கிணத்தடிதான்.

மாசக் கடைசியில் பஸ்ஸில் பார்சல் வந்தது. முருங்கைக்காய், மோர்மிளகாய், மிளகாய்த்தூள். தூள் இரண்டு பையில் வந்தது, ஒன்றில் பேனையால் 'பிள்ளையளுக்கு' என்று எழுதியிருந்தது. அடியில், பழைய சேலைத் துண்டில் சுற்றி, ஒரு சின்ன இரும்புத் தாச்சி. கோண்டாவில் வீட்டுக் குசினியில் கிடந்ததுதான், பிடியில் கம்பி கட்டின அடையாளத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரவு அம்மா தானே எடுத்தா.

"அது நான் வந்தாப் பாவிக்க. வேற ஒண்டும் அதில சமைக்க வேண்டாம்."

"ஓம் அம்மா."

"மற்றப் பிள்ளைக்கும் சொல்லு, நான் கோபத்தில அனுப்பேல்ல எண்டு."

எந்தப் பிள்ளை என்று அம்மா சொல்லவில்லை. அக்கரைப்பற்று பக்கத்தில்தான் இருந்தாள், கேட்டாள், ஒன்றும் பேசவில்லை. பிறகு எழும்பிப்போய் சுவரில் இரண்டாவது ஆணி ஒன்று அடித்தாள். இப்போது பெரிய தாச்சியும் சின்னத் தாச்சியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கொஞ்சம் தள்ளித்தான் அடித்திருக்கிறாள், ஒன்றில் ஒன்று முட்டாது.

புதன்கிழமை திரும்பத் தொடங்கிவிட்டது. போன கிழமை தூள் போடுகிற முறை, மன்னார் முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிய அக்கரைப்பற்று சின்னத் தாச்சியைக் காட்டி, "அதுல நான் ஒரு முட்டை பொரிச்சா என்ன?" என்று கேட்டாள். பகிடியா, இல்லை உண்மையாகவே கேட்டாளா என்று விளங்கவில்லை. சஷ்டிக்கு முட்டையும் மச்சம்தான். ஆனால் அவள் கேட்டது முட்டையைப் பற்றி இல்லை, தன் கையைப் பற்றி என்று எங்களுக்குப் பட்டது. அம்மாட்டக் கேட்டுச் சொல்லுறன் என்றாள் கோண்டாவில்.

இன்னும் கேட்கவில்லை.